விலை உயர்ந்த மடக்குக் கத்தி நெடுநாளைக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி:
தோட்ட வேலைக்குத் தினமும் மடக்குக் கத்தி வேண்டும்: கயிறு அறுக்க, மூட்டை பிரிக்க, செடிகளில் ஒட்டுக் கட்ட. கிறிஸ் ரீவ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செபென்சா கத்தி வாங்க ஆசை. விலை 400 டாலருக்கு மேல். மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தியான ஒபினெல் 8-ஆம் எண் பத்துக்கு மேல் வாங்கலாம் அந்தக் காசில். செபென்சா 20 வருடம் உழைக்குமா?

பதில்:
இரண்டும் என்னிடம் உண்டு. வெட்டுவதில் ஒபினெல்தான் மேல். அலகு மெல்லியது, கார்பன் எஃகு, கல்லில் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். ஆனால் ஈரத்தோடு மடக்கினால் துருப்பிடிக்கும், மரப்பிடி ஊறி அலகைத் திறக்கவே விடாது. செபென்சாவில் காசு போவது பாகங்கள் துல்லியமாகப் பொருந்துவதற்கு. திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு டைட்டானியப் பிடியிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. திருகைக் கழற்றி, மண்ணைத் துடைத்து, எண்ணெய் விட்டு நாமே மாட்டலாம், அலகு ஆடாது. தாராளமாக 20 வருடம் போகும். அதன் கடினமான எஃகைத் தீட்ட மட்டும் வைரத்தூள் பதித்த தீட்டுக்கல் நல்லது.

ஆனால் ஒட்டுக் கட்ட இரண்டுமே சரிப்படாது! அதற்கு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய அலகு வேண்டும். அப்போதுதான் வெட்டு தட்டையாக விழும், ஒட்டு இடைவெளியில்லாமல் சேரும். சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸில் இதற்கென்றே கத்தி இருக்கிறது, விலையும் குறைவு. முதலில் அதை வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இடது கைக்காரருக்கு ஒட்டுக் கத்தி தனியாக வருமா?

பதில்:
வரும். வாங்கும்போது சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள்.