தீவகத்துக்கு உறுப்பினர் யார்? இரு அனுபவங்கள்

தேர்தல் கடமையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்:

2015 ஆகஸ்ட் 17 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவகத்தின் நெடுந்தீவில் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் கடமையாற்றினேன். சோளகக் காற்று வீசும் காலம், முதல்நாள் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்பட்ட படகு ஆடிய ஆட்டத்தில் எங்களில் பாதிப்பேர் கரையேறும்வரை வாய் திறக்கவில்லை.

மறுநாட்காலை வந்த முதியவர் ஒருவர், விரலில் மை பூசி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்ததும், அடியில் 1 முதல் 10 வரை இருந்த வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலை எங்கட தீவின்ர ஆள் எத்தினையாம் இலக்கம்?” என்று கேட்டார். கடமையில் உள்ளவர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. சொல்லலாம் என்றிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

அவர் இளமையில் வாக்களித்த நாளில், நெடுந்தீவையும் உள்ளடக்கிய ஊர்காவற்றுறை தனித் தொகுதி. 1956 இல் வி. ஏ. கந்தையா, அவர் மறைந்தபின் 1963 இடைத்தேர்தலில் வ. நவரத்தினம், 1970 இலும் 1977 இலும் வேலணை கா. பொ. இரத்தினம் என்று தொகுதிக்கு ஒருவரே உறுப்பினர். குறை சொல்வதற்கும் ஏசுவதற்கும் ஓர் ஆள் இருந்தார். மாவட்டத்தில் பெற்ற வாக்குகளுக்கேற்பக் கட்சிகளுக்கு ஆசனங்களைப் பங்கிடும் 1978 யாப்பின் விகிதாசார முறை 1989 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது, கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 பிரிவுகளில் ஒன்றாக அத்தொகுதி சுருங்கியது. மாவட்டத்தின் ஆசனங்களும் 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6 என்று தேய்ந்துவிட்டன.

இடையில் 1994 இல், போரினால் குடாநாட்டின் பெரும்பகுதி வாக்களிக்காத நிலையில், பெரும்பாலும் தீவகத்தில் விழுந்த 10,744 வாக்குகளைக் கொண்டே ஈ.பி.டி.பி. (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) யின் சுயேச்சைக் குழு 9 ஆசனங்களைப் பெற்றது. தீவகம் மாவட்டத்துக்கே உறுப்பினர்களைத் தெரிந்தனுப்பிய காலம் அது. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் ஒருவர்:

ஐயா, நீங்கள் சொன்ன முதியவரின் கேள்வியை நாங்கள் மனுவோடு சுமந்து திரிந்தவர்கள். இழுவைப்படகுகள் வாரிச் சென்றதில் எஞ்சிய நண்டுவலைக் கிழிசல்களை ஓர் உரப்பையில் கட்டிக்கொண்டு, கடந்த தேர்தலின் பின் உறுப்பினர்களைத் தேடிப் போனோம். மூவரையே நேரில் பிடிக்க முடிந்தது. மூவரும் தேநீர் தந்தார்கள். மூவரும் மனுவை வாங்கினார்கள். ஒருவர், “மற்றவையளிட்டையும் ஒரு பிரதி குடுங்கோ” என்றார். பையை அவிழ்க்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஆயினும் மாவட்ட முறையை முழுதாகத் தள்ளிவிடவும் எனக்கு நியாயம் தெரியவில்லை. கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்ய 2015 இல் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தீவகத்தவர் அல்லர். அந்தத் தடை 2017 இல் சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தைக் கடலில் யார் நிறைவேற்றுவது என்பதுதான் எங்கள் மனுவின் முதற்பந்தி. தொகுதிக்கென ஒருவர் இருந்தால், சட்டம் வந்தபின் என்ன நடந்தது என்று அவரை ஆண்டுதோறும் நிற்க வைத்துக் கேட்டிருப்போம்.

போன மாதம் சங்கத்தில் மனுவைத் திரும்ப எழுதினோம். ‘கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்’ என்பதன் கீழ் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, ஆறு பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம்.