பேஸ்மென்ட் மண் இறுகியதா என்று தோண்டாமல் பார்க்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே, திருச்சி பக்கம் ஒரு வீட்டுக்கு பேஸ்மென்ட்டில் நாலடி கிராவல் நிரப்பியிருக்கிறோம். அரை அடிக்கு ஓர் அடுக்காகத் தண்ணீர் விட்டு திமிசு போடச் சொல்லியிருந்தேன், ஆனால் நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது; ஒரு மூலையில் குதிகாலை ஊன்றினாலே பள்ளம் விழுகிறது. கரையான் மருந்து அடித்தாகிவிட்டது, தோண்டினால் அந்த மருந்து அடுக்கு கலைந்துவிடும், அதனால் குழி தோண்டி மணல் ஊற்றிப் பார்க்கும் சோதனை வேண்டாம்.

ஒரு தட்டின் மேல் எடையை விழவிட்டு மண் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கும் எல்டபிள்யூடி கருவி வாடகைக்குக் கிடைக்குமா? அது விறைப்பைத்தான் காட்டும், பிராக்டர் 95 சதவீதம் (ஆய்வகச் சோதனையில் அந்த மண்ணுக்குக் கிடைக்கும் அதிகபட்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதம்) வந்ததா என்று நேரடியாகச் சொல்லாது, அதுவும் மேலே ஒன்று, ஒன்றரை அடிக்குத்தான். அப்புறம், சுத்தியலால் தரையைத் தட்டி மண்ணில் அலை போகும் வேகத்தை அளக்கும் எம்ஏஎஸ்டபிள்யூ இவ்வளவு சின்ன இடத்தில் சரிப்படுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் இதன் மேல் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட வேண்டும்.