சாணம் இருக்கும் பண்ணையில் யூரியா எதற்கு?

கறவைக்காரன்:
12 மாடு வைத்திருக்கிறேன். 5 வருடமாகச் சாணம் முழுவதையும் தீவன நிலத்துக்கே கொடுக்கிறேன், ஒரு மூட்டை யூரியா வாங்கியதில்லை, இனியும் வாங்க மாட்டேன். மாடு தின்கிற தழைச்சத்தில் (நைட்ரஜன், யூரியா தருவதும் இதைத்தான்) சுமார் கால் பங்குதான் பாலில் போகிறது, மீதி பெரும்பாலும் திரும்ப வெளியே வந்துவிடுகிறது. போதாததற்கு நாம் வாங்கிப் போடும் அடர்தீவனம் வேறு, அதிலிருக்கும் சத்தும் கடைசியில் நம் எருவில்தான் சேர்கிறது. அப்புறம் எதற்கு மூட்டை உரம்?

மேட்டுநிலம்:
கணக்கு சரி அண்ணே, ஆனால் மாட்டிலிருந்து வெளியே வருவதெல்லாம் நிலத்துக்குப் போய்ச் சேர்கிறதா? அந்தத் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் இருக்கிறது, சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பங்கும் அதில்தான். சாணத்தில் தங்குவது முக்கியமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்). என் கொட்டகை மூத்திரம் 3 வருடம் பின்பக்கப் பள்ளத்துக்கு ஓடியது. பள்ளத்தின் கரையில் புல் கருகருவென்று நிற்கும், நிலத்தில் மட்டும் வெளிறிப் போய்க் கிடக்கும். நேப்பியர் தீவனப் புல்லை 10 டன் உலர் எடைக்கு அறுத்தால் அதோடு சுமார் 200 கிலோ பொட்டாசியம் போய்விடும், அதை வெறும் சாணத்தால் ஈடுகட்ட முடியாது. யூரியாவும் சாம்பல் சத்து உரமான பொட்டாஷும் போட்ட பிறகுதான் என் புல் எழுந்தது.

கறவைக்காரன்:
தம்பி, மூத்திரத்தை ஓடவிட்டு விட்டு மூட்டை வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. தரையைச் சரிவாக்கி ஒரு தொட்டியில் சேர்த்தால் போதும், நான் அதைப் பாசன நீரோடு கலந்து விடுகிறேன். தொட்டி கட்ட முடியாதவர்கள் மாடு படுக்கிற இடத்தில் வைக்கோலைப் பரப்பட்டும், அது உறிஞ்சிக்கொள்ளும்.

மேட்டுநிலம்:
தொட்டி நானும் கட்டிவிட்டேன். ஆனால் திறந்த தொட்டியில் மூக்கை எரிக்கிற அந்த வாடை இருக்கிறதே, அது அம்மோனியா, தழைச்சத்துதான் ஆவியாகப் போகிறது. நிலத்தில் பரப்பிய பச்சைச் சாணமும் அப்படித்தான், அன்றே உழுது மூடாவிட்டால் ஒன்றிரண்டு நாளில் நிறைய போய்விடும். நிற்கிற புல்லுக்குள் எப்படி உழுவது?

புல்வெளி:
இரண்டு பேருமே எந்த நிலத்தைச் சொல்கிறீர்கள்? எங்கள் பண்ணையில் கொட்டகையை ஒட்டிய நிலத்துக்கே வண்டி வண்டியாக எரு போனது, பக்கத்தில் இருந்ததால். மண்ணைப் பரிசோதித்தபோது அங்கே மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தேவைக்கு மேல், தூரத்து நிலத்தில் இரண்டுமே பற்றாக்குறை. சாம்பல் சத்து மிஞ்சினால் புல் மக்னீசியத்தைச் சரியாக எடுக்காது. அந்தப் புல்லைத் தின்ற எங்கள் கறவை மாடு ஒன்று நடுங்கி விழுந்தது, மருத்துவர் வந்து மக்னீசியம் ஏற்றித்தான் காப்பாற்றினோம். தூரம் என்று அலுத்துக்கொள்ளாமல் எருவை அங்கே கொண்டுபோங்கள். அப்புறம் குதிரைமசால் மாதிரியான பயறுவகைத் தீவனப் பயிருக்குத் தழைச்சத்தைக் கொட்டாதீர்கள், மண்ணில் நிறைய கிடைத்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுப்பதைக் குறைத்துவிடும்.

கறவைக்காரன்:
தூரத்து நிலத்தைப் பற்றிச் சொன்னது எனக்கும் பொருந்துகிறது, 2 வருடமாக அங்கே வண்டி போகவில்லை. இந்த வாரமே மண் எடுத்து அனுப்புகிறேன், குறை தெரிந்தால் பொட்டாஷ் வாங்குவேன். யூரியா மட்டும் வேண்டாம், புல் வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு விதைக்கப் போகிறேன், அதுவும் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும் பயறுதான்.

மேட்டுநிலம்:
விதையுங்கள் அண்ணே. நான் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் யூரியா போடுவேன், முன்பு போட்டதில் பாதி அளவில், தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன்னால்.