புதுப்பிப்பு: லங்காஸ்டர் விமானத்துக்குப் பெயர் தந்த மைனார்ஸ்கி எந்த ஊர்க்காரர்?

கனடாவின் ஹாமில்டன் அருங்காட்சியகத்தில் இன்னும் பறக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு ஏன் மைனார்ஸ்கி பெயர், அவர் எந்த ஊர் என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தில் தேடச் சொன்னதில் கல்லறை தெரிந்தது: வடக்கு பிரான்சின் மெயாரிகூர். ஆனால் பூர்விகத்துக்குக் கைகொடுத்தது, கனடா தேசிய ஆவணக் காப்பகத்தைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்களின் பணிக் கோப்புகள் அங்கே உண்டு.

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி 1916இல் வின்னிபெக்கில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். அப்பா போனதும் தோல் வேலை செய்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். 1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் கம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கப் புறப்பட்ட, அவர் இருந்த லங்காஸ்டர் விமானம் சுடப்பட்டுத் தீப்பிடித்தது. வால்பக்கத் துப்பாக்கி வீரர் பாட் பிராஃபி கூண்டுக்குள் சிக்கிக்கொண்டார். மைனார்ஸ்கி குதிக்காமல் தீக்குள் ஊர்ந்துபோய்க் கோடாலியாலும் வெறுங்கையாலும் போராடினார். முடியவில்லை. பிராஃபியே போகச் சொல்லிக் கையசைக்க, சல்யூட் வைத்துவிட்டு எரியும் பாராசூட்டோடு குதித்தார். தீக்காயத்தில் இறந்தார்.

எதிர்பாராதது: விமானம் விழுந்தும் பிராஃபி பிழைத்தார்! அவர் சொல்லித்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ். அப்புறம், மனிடோபா மாகாணம் போரில் இறந்த தன் வீரர்களின் பெயரை ஏரிகளுக்கு வைக்கிறது; இவர் பெயரிலும் உண்டு.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: கல்லறையே இல்லாத விமானப்படையினர் என்றால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடப் பட்டியலையும் பாருங்கள்.