ஓட்டுச்சீட்டில் ஆடிட்டர்: உங்கள் அனுபவம் என்ன?

ஸ்னோஹோமிஷ் கவுன்டி, வாஷிங்டன்

நான் அமெரிக்காவில் முதல்முறை ஓட்டுப்போட்டது 2016இல். வாஷிங்டன் மாநிலத்தில் தபால் ஓட்டுதான். ராத்திரி சமையல் வேலை முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் சீட்டை விரித்து உட்கார்ந்தேன். கவர்னர் புரிந்தது, அட்டர்னி ஜெனரல் புரிந்தது. நடுவில் 'ஸ்டேட் ஆடிட்டர்' என்று ஒரு வரி, கீழே இரண்டு பெயர், பக்கத்தில் கட்சி. நமக்கு ஆடிட்டர் என்றால் வருமான வரிக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறவர். அவருக்கு எதற்கு ஓட்டு? நம் ஊரில் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், நம்மை யாரும் கேட்பதில்லை.

போதாக்குறைக்கு, சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையில் 'கவுன்டி ஆடிட்டர்' என்று அச்சடித்திருந்தது. அது வேறு பதவி என்று அப்புறம்தான் தெரிந்தது. இங்கே பெரும்பாலான கவுன்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் நடத்துவதும் பத்திரங்களைப் பதிவதும் கவுன்டி ஆடிட்டரின் வேலை. ஸ்டேட் ஆடிட்டர்தான் கணக்குப் பார்க்கிறவர். மாநிலத் துறைகள், நகரங்கள், பள்ளி மாவட்டங்கள் (இங்கே மாவட்டம் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று அமைந்த உள்ளாட்சி), நூலகங்கள், ஏன், கல்லறையைப் பராமரிக்கும் மாவட்டங்கள்வரை அவர் பார்வையில் வரும். உள்ளாட்சிகள் மட்டும் 2,000க்கு மேல். அந்தத் தேர்தலில் ஜெயித்த பேட் மெக்கார்த்திதான் வாஷிங்டனில் இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

சில வருடம் கழித்து ஒரு சின்னத் தீயணைப்பு மாவட்டத்தில் எனக்குக் கணக்கு வேலை கிடைத்தது. அலுவலகத்தில் நான் ஒருத்திதான். பில் வந்தால் பதிவது நான், பணம் வந்தால் வாங்குவது நான், வங்கியில் கட்டுவதும் நான். அங்கே எனக்கு வந்த முதல் ஆடிட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

ஸ்டேட் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்தவர் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். மாவட்டத்தை நடத்தும் எங்கள் கமிஷனர்கள் முன்னால் முதல் நாளே, எதைப் பார்க்கப்போகிறோம், எத்தனை மணி நேரம் ஆகும், அதற்கு மாவட்டம் எவ்வளவு கட்டணம் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆமாம், ஆடிட்டுக்கு மாவட்டமே மணிக்கணக்கில் காசு கொடுக்கவேண்டும். பெரிய செலவுகளை, வண்டி வாங்கியது, கட்டட ரிப்பேர் எல்லாம் வேகமாகப் பார்த்து முடித்தார். பிறகு சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) வகுப்புப் பதிவேட்டைக் கேட்டார்.

நாங்கள் பொதுமக்களுக்குச் சி.பி.ஆர். சொல்லிக்கொடுப்போம், தலைக்கு ஒரு சிறு தொகை. நிறையப் பேர் ரொக்கமாகவே தருவார்கள். ஒரு பழுப்பு உறையில் போட்டு இழுப்பறையில் வைப்போம். ஒரு சனிக்கிழமை வகுப்பின் வருகைத்தாளில் 14 பெயர். வங்கியில் கட்டியது 11 பேருக்கான பணம்.

"மீதி மூன்று பேர்?" என்று கேட்டார். குரலில் சந்தேகமும் இல்லை, சமாதானமும் இல்லை. என் கை சில்லிட்டுப்போனது. தீயணைப்பு வீரர்களின் குடும்பத்துக்கு இலவசம் என்று ஒரு வழக்கம் உண்டு, அந்த மூன்று பேரும் அப்படி வந்தவர்கள். ஆனால் அந்த வழக்கம் எந்தத் தீர்மானத்திலும் இல்லை, வருகைத்தாளில் ஒரு குறிப்புகூட இல்லை. வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகமும் எங்களிடம் இல்லை. நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைக் காட்ட ஒரு துண்டுத்தாள்கூட இல்லாமல் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னார்: "உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்காரும்போதும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவேண்டும்."

கடைசிக் கூட்டத்தில் இதை 'எக்ஸிட் ஐட்டம்' என்று கமிஷனர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். கடுமையில் அதற்கு மேலே நிர்வாகக் கடிதம், அதற்கும் மேலே 'ஃபைண்டிங்'. ஃபைண்டிங் என்றால் அறிக்கையிலேயே அச்சாகி இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

உங்கள் மாநிலத்திலும் ஆடிட்டருக்கு ஓட்டுப்போட்டிருப்பீர்கள். அவர் அலுவலகத்தோடு நேரில் பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மிசௌரி

அக்கா, நான் மேசையின் மறுபக்கம் இருந்தவன். எங்கள் மாநிலத்தில் ஊர்க்காரர்களே கையெழுத்து வாங்கி மனுப்போட்டு ஸ்டேட் ஆடிட்டரை வரவழைக்கலாம். போன கவர்னர் தேர்தலில் அந்த ஊரில் எத்தனை ஓட்டு விழுந்ததோ, அதில் இத்தனை சதவீதம் பதிவு பெற்ற வாக்காளர் கையெழுத்து வேண்டும் என்பது கணக்கு. செலவு ஊர் நிர்வாகத்தின் தலையில்.

நாங்கள் இருந்த சின்ன ஊரில் தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போனது. சிட்டி ஹாலில் கேட்டால் சரியான பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மனுவை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன். வீடு வீடாக நடந்த அந்த ஒரு மாதத்தில் பழகிய மனிதர்கள், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் பழகியவர்களைவிட அதிகம். சிலர் கதவைத் திறந்ததும் பேனாவை வாங்கினார்கள். ஒரு அம்மா மட்டும், "ஆடிட்டுக்கு ஆகும் செலவும் நம் பில்லில்தானே ஏறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் நல்ல பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை வர நெடுநாள் ஆயிற்று. மிசௌரியில் ஆடிட் முடிந்ததும் மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று நான்கில் ஒரு தரம் கொடுப்பார்கள். எங்கள் ஊருக்குக் கிடைத்தது கடைசி. நாங்கள் பயந்ததுபோல யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எத்தனை காலன் தண்ணீர் பம்ப் ஆகிறது, எத்தனை காலனுக்கு பில் போகிறது என்று யாருமே ஒப்பிட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். குழாய் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்கும் சேர்த்து நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். அறிக்கையை விளக்கப் பொதுக்கூட்டம் வைத்தார்கள். மடக்கு நாற்காலி போதாமல் பாதிப்பேர் சுவரோரம் நின்று கேட்டோம்.

கொலம்பஸ், ஒஹாயோ

நேரடி அனுபவம் என்று பெரிதாக இல்லை, ஆனால் தினமும் பார்க்கிறேன். பெட்ரோல் பங்க்கில் பம்ப்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கவுன்டி ஆடிட்டர் பெயர் இருக்கும். அளவு சரியா என்று சோதிப்பது இங்கே அவர் பொறுப்பு. வீட்டு மதிப்பை நிர்ணயிப்பதும், நாய்க்கு லைசென்ஸ் கொடுப்பதும்கூட அவர்தான்! மாநில ஆடிட்டர் தனி. அவரையும் தேர்ந்தெடுக்கிறோம், நான்கு வருடப் பதவி. அவர் அலுவலகம் ஒரு செலவைச் சட்டவிரோதம் என்று கண்டால், அந்தப் பணத்தை இன்னார் திருப்பிக் கட்டவேண்டும் என்று ஆளையே குறிப்பிட்டு எழுதும். என் நண்பர் ஒரு கிராம நிர்வாகத்தில் கணக்குப் பார்க்கிறார். சம்பளத்தில் பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டி அபராதம் விழுந்தால், அது தன் சொந்தப் பையிலிருந்து போகலாம் என்று அவருக்கு எப்போதும் பயம். காலண்டரில் கெடு தேதிகளைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

இல்லினாய்

எங்களுக்கு இந்த ஓட்டு கிடையாது. அதன் காரணத்தையும் இங்கே பதிவது நல்லது. முன்னால் இல்லினாயிலும் கணக்கு ஆடிட்டரை மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்வில் ஹாட்ஜ் என்பவர் அந்தப் பதவியில் இருந்தபடியே போலி காசோலை போட்டு 60 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியது 1956இல் வெளியே வந்தது. கண்டுபிடித்தது பத்திரிகைக்காரர்கள். 1970 அரசியல் சட்டம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. பணம் கொடுக்கும் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கம்ப்ட்ரோலர், கணக்குப் பார்க்கும் வேலைக்குச் சட்டமன்றம் நியமிக்கும் ஆடிட்டர் ஜெனரல் என்று பிரித்தார்கள். ஆடிட்டர் ஜெனரலுக்குச் சட்டமன்றத்தின் இரண்டு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், பதவி 10 வருடம். ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அடுத்த தேர்தல் கவலை இருக்கும். யார் கணக்கை முதலில் கையில் எடுப்பது என்பதில் அது நுழையாமல் இருக்குமா?

மாசசூசெட்ஸ்

நுழையும்தான். ஆனால் நியமிக்கப்பட்டவர் தன்னை நியமித்தவர்களின் கணக்கைக் கேட்பாரா? எங்கள் ஆடிட்டர் டயானா டிசோக்லியோ முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். ஆடிட்டரானதும் அந்தச் சட்டமன்றத்தின் கணக்கையே பார்க்கவேண்டும் என்றார். அதிகாரப் பிரிவினைக்கு விரோதம் என்று அவைத் தலைவர்கள் மறுத்தார்கள். 2024 நவம்பரில் அது நேரே மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றது. நானும் ஆம் என்றுதான் போட்டேன். அதற்குப் பிறகும் இழுபறி தீரவில்லை.

ஸ்னோஹோமிஷ் கவுன்டி, வாஷிங்டன்

இல்லினாய் நண்பர் கேட்டது எங்களுக்கும் பொருந்தும். பேட் மெக்கார்த்திக்கு முன்னால் இருந்த ட்ராய் கெல்லிமீது, பதவியில் இருக்கும்போதே 2015இல் ஃபெடரல் வழக்கு வந்தது. பதவிக்கு வருமுன் அவர் நடத்திய தொழில் சம்பந்தப்பட்டது. 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த இரண்டு வருடமும் ஆடிட் நிற்கவில்லை. எங்கள் 14 பெயரையும் 11 பேர் பணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது ஜெயித்து வந்த தலைவர் இல்லை, யார் ஜெயித்தாலும் வேலை பார்க்கும் அந்தப் பெண். ஆனாலும் மிசௌரித் தம்பி எழுதியதைப் படித்தபின் தேர்தல் வேண்டும் என்றே தோன்றுகிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும் இல்லையா?

அந்தக் குழாய் ஒழுகல் சரியானதா, பில் குறைந்ததா? எழுதுங்கள் தம்பி.

எங்கள் அலுவலகத்தில் இப்போது வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் இருக்கிறது. குடும்பத்தாருக்கு இலவசம் என்பதைக் கமிஷனர்கள் தீர்மானமாகவே போட்டுவிட்டார்கள். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தால் நான் பிரிப்பதில்லை. கமிஷனர் ஒருவர் மாலையில் வந்து பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இனிஷியல் போட்ட பிறகுதான் என் மேசைக்கு வரும்.