ஹார்ட் டிஸ்க் போன பிறகு வரிசையாக வந்த பிழைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. போன ஆவணியில், முகூர்த்த வேலை குவிந்து கிடந்த நேரம் பார்த்து கணினி படுத்துக்கொண்டது. ஒரு கோப்பைத் திறக்க மூன்று நிமிடம், பெட்டிக்குள்ளிருந்து பல்லி சொல்வது மாதிரி டக் டக் என்று சத்தம் வேறு. டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது, நானும் சரி என்று கொடுத்துவிட்டேன். அது தப்பு. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அந்தச் சோதனை மூலை முடுக்கெல்லாம் படிக்கும், திருத்துகிறேன் என்று எழுதவும் செய்யும். 12 சதவீதத்தில் நின்றவுடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து டிஸ்க்கைக் கழற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்த தன் லேப்டாப்பில் மாட்டினான். "சித்தி, முதலில் நகல், ரிப்பேர் எல்லாம் நகலில்தான்" என்றான். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். முதல் சுற்றில் நன்றாக இருக்கும் பகுதிகளை அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய்விடும், பிறகுதான் அவற்றுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 500 ஜிபி டிஸ்க், இரண்டு இரவு ஓடியது. கடைசியில் 14 எம்பி மட்டும் கிடைக்கவில்லை.

அந்த 14 எம்பியில் எந்தக் கோப்புகள் இருந்தன? அவன் செய்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நகலில் அந்த வெற்றிடங்களை எல்லாம் ஒரு அடையாளச் சொல்லால் நிரப்பி, அந்தச் சொல் எந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று தேடினான். ஒன்பது கோப்புகள் வந்தன. ஏழு விண்டோஸுடையவை, ஒன்று வாடிக்கையாளரின் புகைப்படம், ஒன்று நான் தினமும் பயன்படுத்தும் பாமினி வகை எழுத்துரு, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய வகை.

சரி, முடிந்தது என்று நகலை ஏற்றியிருந்த எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) கணினியில் மாட்டினால், துவக்க டிஸ்க்கே இல்லை என்றது. நகல்தான் கெட்டுவிட்டது என்று எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி. இரண்டு நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்ததில் அது தீர்ந்து, கணினியைத் துவக்கி வைக்கும் பயாஸின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விட்டன. என் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய துவக்க முறையில் இருந்தது, பயாஸோ யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாறி நின்றது. புது பேட்டரி போட்டு பயாஸில் லெகசி (பழைய முறை) என்று மாற்றியதும் விண்டோஸ் எழுந்தது.

எழுந்து பார்த்தால் எந்த இணையதளமும் திறக்கவில்லை, பாதுகாப்பற்ற இணைப்பு என்று எச்சரிக்கை. அதுவும் பேட்டரி செய்த வேலை, கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது; தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்காது. தேதியைச் சரிசெய்த பிறகுதான் விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸ்ம் கட்டளையை ஓட்டினோம், ஏனென்றால் அது நல்ல விண்டோஸ் கோப்புகளை இணையத்திலிருந்துதான் இறக்கும். அடுத்து எஸ்எஃப்சி, கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை நல்லவற்றால் மாற்றும் கட்டளை. அதற்குப் பிறகு விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத்திரை வரவே இல்லை.

எழுத்துருதான் கடைசியில் படுத்தியது. பழைய பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த எழுத்து வந்த இடமெல்லாம் அரைப்புள்ளி! பக்கத்துத் தெரு அச்சகத்து அண்ணனிடம் அதே எழுத்துரு இருந்தது, பெண்டிரைவில் வாங்கிவந்து போட்டேன். புகைப்படத்தை அந்த வீட்டாரே வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பிவிட்டார்கள்.

*

அக்கா, எனக்கு நடந்தது நேர் எதிர். கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறேன். கணினி அடிக்கடி உறைந்துபோகும், கோப்பு நகலெடுத்தால் பாதியில் பிழை. ஒரு சர்வீஸ் கடையில் ஹார்ட் டிஸ்க் போச்சு, புதிது வாங்கு என்று சொல்லிவிட்டார்கள். கையில் காசு இல்லாததால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை நானே எடுத்துப் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களை (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) சொல்லும் 5ஆம் எண்ணும், படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைச் சொல்லும் 197ஆம் எண்ணும் பூஜ்யம். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைவதைக் கணக்கெடுக்கும் எண், பெரும்பாலும் கேபிள்தான் காரணம். நண்பனிடம் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்று கேட்டு மாற்றினேன், ஏறுவது நின்றது. ஏறிய எண் பிறகு குறையாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேலும் ஏறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த டிஸ்க்கில்தான் ப்ராஜெக்ட் முழுவதும் முடித்தேன்.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பையன் அன்றைக்கு எடுத்துவைத்த அறிக்கையைத் தேடிப் பார்த்தேன். 199 பூஜ்யம், 197இல் 312. என் விஷயத்தில் கேபிள் மேல் பழி போட வழியில்லை. பழைய டிஸ்க்கை அழிக்காமல், நகலெடுத்த தேதியை மேலே ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.