இல்லன் பைப்ஸ் வாசிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சீவாளி பிரச்சினை

டப்ளினில் இருக்கும் இசைக்காரர்களிடம் ஓர் உதவி. இல்லன் பைப்ஸ், அதாவது வாயால் ஊதாமல் முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் ஐரிஷ் பைப், கற்றுக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது பயிற்சி செட்தான்: பை, துருத்தி, சாண்டர் (விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல்). சுருதி பிடிக்கும் ட்ரோன், துணைச் சுரங்கள் சேர்க்கும் ரெகுலேட்டர் எல்லாம் அப்புறம்.

வீட்டில் ஹீட்டர் போட ஆரம்பித்ததிலிருந்து சாண்டர் மக்கர் பண்ணுகிறது. கீழ் டி சுரம் கரகரவென்று உடைகிறது. சாண்டரின் அடியைத் தொடையில் அடைத்துப் பையை அழுத்தினாலும் மேல் ஸ்தாயி ஏறுவதில்லை. காற்று எங்கும் கசியவில்லை, பார்த்துவிட்டேன். சந்தேகம் சாண்டருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் சீவாளி மேல்தான். இதுவும் நாணல்தான், ஆனால் நாதஸ்வரச் சீவாளி போல எச்சிலில் நனைக்க வழியில்லை. துருத்தி அனுப்புவதெல்லாம் அறையின் வறண்ட காற்று.

சீவாளியைச் சுற்றியுள்ள செம்புப் பட்டையைப் பக்கவாட்டில் லேசாக அமுக்கினால் வாய் திறக்கும் என்கிறார்கள். தொடப் பயமாக இருக்கிறது. நல்ல சீவாளி கிடைப்பது லேசில்லை. முதலில் பெட்டிக்குள் ஈரப்பதம் ஏற்றிப் பார்க்கலாமா? எத்தனை சதவீதம் வைக்கிறீர்கள்? அப்புறம், 1968-இல் தொடங்கிய, இப்போது ஹென்ரியட்டா தெருவில் இருக்கும் குழலிசைக்காரர் சங்கமான நா பீபரீ இல்லனின் சீவாளி வகுப்புக்கு என்னைப் போன்ற புதியவர் போகலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.